காயலான் கடையிலிருந்து ஒரு பந்தயக் கார்: ஹாட் ராட் ரோட்ஸ்டரின் வரலாறு

கார் என்றால் கடையில் வாங்குவது என்பதுதான் நமக்குப் பழக்கம். ஷோரூமுக்குப் போகிறோம், கலர் பார்க்கிறோம், லோன் போடுகிறோம், எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டி வருகிறோம். பானெட்டைத் திறந்து பார்ப்பவர்கள்கூடக் குறைவு. ஆனால் 1930களில் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் ஒரு பையன்கள் கூட்டம் இருந்தது. பதினெட்டு, இருபது வயது. கையில் காசு கிடையாது. அவர்கள் காரை வாங்கவில்லை, வீட்டுக் கொட்டகையில் தாங்களே செய்தார்கள்! காயலான் கடையில் கிடந்த பழைய ஃபோர்டு ஒன்று, இன்னொரு நொறுங்கிய ஃபோர்டிலிருந்து கழற்றிய என்ஜின், மூன்றாவது ஒன்றிலிருந்து பிரேக்... இப்படிச் சேர்த்த கார் பணக்காரர்களின் கார்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி ஓடியது.

அதற்குப் பெயர்தான் ஹாட் ராட். இந்தக் கட்டுரையில் அந்தக் கார் எப்படிப் பிறந்தது, வீட்டில் அதை எப்படிச் செய்தார்கள், ஏன் அதைத் தடை செய்யச் சொல்லி ஊரே கூச்சல் போட்டது, அந்தப் பையன்கள் அதிலிருந்து எப்படித் தப்பித்தார்கள் என்று பார்ப்போம். கொஞ்சம் மெக்கானிக்கல் விஷயங்களும் வரும். பயப்பட வேண்டாம், எளிமையாகவே சொல்கிறேன்.

ரோட்ஸ்டர் என்றால் என்ன?

இரண்டு பேர் உட்காரும் திறந்த கார்தான் ரோட்ஸ்டர். மேலே வேண்டுமானால் ஒரு துணிக்கூரை. பக்கவாட்டில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். அதனால்தான் அது ஃபோர்டு வரிசையில் விலை குறைந்த, எடையும் குறைந்த வண்டியாக இருந்தது. இந்த இரண்டு குணங்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மலிவு, லேசு. கதை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908ல் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரானது. தொடக்கத்தில் 850 டாலர் விலை. 1925ல் அதன் இரண்டு சீட் வண்டி 260 டாலருக்கு இறங்கிவிட்டது. என்ஜின் சக்தி வெறும் 20 குதிரைத்திறன். அடுத்து 1927 டிசம்பரில் மாடல் ஏ வந்தது, 40 குதிரைத்திறனோடு. 1931 வரை சுமார் 48 லட்சம் மாடல் ஏக்கள். (நம் மறைமலை நகரில் 2022 வரை கார் செய்தார்களே, அதே ஃபோர்டுதான்.)

இத்தனை லட்சம் கார்கள் செய்தால் என்ன ஆகும்? பத்து வருடத்தில் அத்தனையும் பழசாகும். பழைய கார் வாங்குபவர்கள் குடும்பத்தோடு போகக் கூரை வைத்த செடானைத்தான் தேடுவார்கள். ரோட்ஸ்டரை யாரும் சீந்தவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலத்தில் பழைய ரோட்ஸ்டர் சல்லிசாகக் கிடைத்தது. பையன்களுக்குக் கொண்டாட்டம்!

ஏன் கலிஃபோர்னியா?

அமெரிக்கா முழுவதும் ஃபோர்டு ஓடியது. ஆனால் ஹாட் ராட் குறிப்பாக லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றித்தான் செழித்தது. காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது வெயில். பனி கிடையாது, மழை குறைவு. கூரையில்லாத காரை வருடம் முழுக்க ஓட்டலாம். பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் வழக்கம் இல்லாததால் பழைய கார்களும் துருப்பிடிக்காமல் கிடந்தன.

இரண்டாவது, தொழில். லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி விமானத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு வேலை செய்யும் சிறிய லேத் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும் இருந்தன. ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து தர ஆள் தேடி அலைய வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: வறண்ட ஏரிகள். நகரத்துக்கு வடக்கே சில மணி நேரம் ஓட்டினால் மொஹாவி பாலைவனம். அங்கே மியூராக், ரோசமண்ட், எல் மிராஜ், ஹார்ப்பர் என்று பல ஏரிகள். பேர்தான் ஏரி, தண்ணீர் இல்லை! மழைக்காலத்தில் கொஞ்சம் நீர் தேங்கி, பிறகு காய்ந்து, தரை சிமெண்ட் போட்ட மாதிரி கெட்டியாகி மைல் கணக்கில் சமதளமாகக் கிடக்கும். மரமில்லை, வீடில்லை, போலீஸ் இல்லை. ஒரு கார் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் உலகத்தில் ஏது?

வி-8 வந்தது

ஆரம்ப காலத்தில் பையன்கள் மாடல் டியின் நாலு சிலிண்டர் என்ஜினைத்தான் நோண்டினார்கள். அதற்கு மாற்று சிலிண்டர் ஹெட்டுகள் விற்பனைக்கு வந்தன. செவர்லே சகோதரர்களின் ஃபிராண்டனாக், ரேஜோ என்று பல பெயர்கள். ஆமாம், செவர்லே காருக்குப் பெயர் தந்த அதே லூயி செவர்லே, பிற்காலத்தில் ஃபோர்டு என்ஜினுக்கு வேக சாமான் விற்றார்! கலிஃபோர்னியாவில் எட் வின்ஃபீல்ட் என்ற மேதை கேம்ஷாஃப்ட்டும் கார்புரேட்டரும் செய்து கொடுத்தார். பின்னால் வந்த பலருக்கு அவர்தான் குரு.

பிறகு 1932 மார்ச் 31. ஃபோர்டு தன் புதிய வி-8 காரை வெளியிட்டது. அதுவரை எட்டு சிலிண்டர் என்பது பணக்காரர்கள் சமாச்சாரம். ஃபோர்டு செய்த புரட்சி, எட்டு சிலிண்டர்களையும் கிராங்க்கேஸையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சாமானியன் வாங்கும் விலையில் கொடுத்தது. 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். வி-8 ரோட்ஸ்டரின் விலை 460 டாலர்தான். நாடே வேலையில்லாமல் தவித்த வருடத்தில்!

இந்த என்ஜினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருக்கும். ஹெட் என்பது ஒரு தட்டையான மூடி மட்டுமே. அதனால் 'ஃபிளாட்ஹெட்' என்று பெயர். அமெரிக்க ஃபோர்டு கார்களில் 1953 வரை இந்த வகை என்ஜின்தான் ஓடியது. குறை இல்லாமல் இல்லை. எரிந்த புகை வெளியேறும் வழி பிளாக்கின் உள்ளே, தண்ணீர் சுற்றும் இடத்தைக் கடந்து போகும். அதிலும் பக்கத்துக்கு நாலு சிலிண்டருக்கு மூன்றே புகைவாய்கள். நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றைப் பங்கு போட வேண்டும். ஆகவே என்ஜின் சீக்கிரம் சூடேறும், பிளாக்கில் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடும். இருந்தாலும் என்ன? 1930களின் கடைசியில் விபத்தில் நொறுங்கிய வி-8 கார்கள் காயலான் கடைகளுக்கு வரத் தொடங்கின. அந்த என்ஜினைக் கழற்றி லேசான மாடல் ஏ ரோட்ஸ்டரில் வைத்தால்... 40 குதிரை இருந்த இடத்தில் 65, 85 குதிரை! 'ஏ-வி-8' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கொட்டகையில் நடந்தது என்ன?

சரி, ஒரு பையன் வீட்டில் ரோட்ஸ்டர் செய்தது எப்படி? படிப்படியாகப் பார்ப்போம்.

1. கழற்றுவது. முதல் வேலை எதையும் சேர்ப்பது அல்ல, எடுப்பது. மட்கார்டு, பம்பர், ஏறும் படி, கூரை, சில சமயம் முன் கண்ணாடிகூடப் போய்விடும். காசு செலவில்லாமல் வேகம் கூட்ட எடையைக் குறைப்பதுதான் ஒரே வழி. இன்று ஹாட் ராடுக்கு அழகு என்று நாம் பார்க்கும் அந்த மொட்டை உருவம், அழகுக்காக வந்ததல்ல, சிக்கனத்தில் வந்தது.

2. சேஸிஸ். மாடல் ஏயின் சேஸிஸ் நாலு சிலிண்டருக்காகச் செய்தது. 1932 ஃபோர்டின் சேஸிஸ் அதைவிட உறுதி. அதன் பக்கச் சட்டங்கள் வெளியே தெரியும்படி அழகான வளைவோடு அழுத்தி எடுத்தவை. மட்கார்டைக் கழற்றினாலும் கார் பார்க்க அசிங்கமாக இராது. ஆகவே மாடல் ஏ உடலை 1932 சேஸிஸ் மேல் வைப்பது பெரிய பழக்கம் ஆயிற்று. உடலைச் சட்டத்தின் மேலேயே உட்கார வைத்தால் அது 'ஹைபாய்'. தரையை வெட்டி, உடலைச் சட்டத்தின் இருபுறமும் கீழே இறக்கினால் 'சேனல்' செய்த கார்.

3. முன் ஆக்ஸில். ஃபோர்டுக்கு முன்னால் ஒரே இரும்பு உத்தரம், அதன் மேல் குறுக்கே லாரிப் பட்டை மாதிரி ஒரு ஸ்பிரிங். காரைத் தாழ்த்த ஒரு கொல்லன் வேலை கண்டுபிடித்தார்கள். உத்தரத்தின் இரு முனைகளையும் பழுக்கக் காய்ச்சி மேல்நோக்கி வளைப்பது. சக்கரம் மேலே போனால் கார் கீழே இறங்கும் அல்லவா? இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்துவிடும். பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர். கார் குனிந்து பாய்வது போல நிற்கும். பெரிய பின் டயருக்கு வேறு காரணமும் உண்டு. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். ஆகவே உச்ச வேகம் கூடும்.

4. என்ஜின். ஹெட்டைச் சீவி, அல்லது புதிய அலுமினிய ஹெட் போட்டு, கம்ப்ரஷனைக் கூட்டுவார்கள். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு, சில பேர் மூன்று, நாலுகூட. ஸ்ட்ரோம்பெர்க் 97 என்ற மாடல் எல்லோருக்கும் பிரியம். அதன் தொண்டையின் விட்டம் 0.97 அங்குலம், அதனால் அந்தப் பெயர். கேம்ஷாஃப்ட்டைத் திரும்பக் கடைந்து, வால்வு அதிகம் திறக்கும்படி செய்வார்கள். போருக்குப் பின் இன்னொரு வித்தை பரவியது. ஃபோர்டு பிளாக்கைக் கடைந்து சிலிண்டரை 3 3/8 அங்குலமாக்கி, 1949க்குப் பிந்தைய மெர்குரி காரின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்ஷாஃப்ட்டை அதில் போடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 286 கன அங்குலம் வரும். 221ல் தொடங்கிய என்ஜின்!

5. கியர். 1939 ஃபோர்டின் கியர் பாக்ஸ்தான் வேண்டும் என்பார்கள். ஏன் தெரியுமா? அடுத்த வருடம் ஃபோர்டு கியர் தடியை ஸ்டீரியங் கம்பத்துக்கு மாற்றிவிட்டது. தரையில் நிற்கும் கியர் தடி வேண்டும் என்றால் 1939தான் கடைசி. உள்ளே லிங்கன் செஃபிர் காரின் பல்சக்கரங்களைப் போட்டுக் கொள்வது கூடுதல் வித்தை.

6. பிரேக். மாடல் ஏயின் பிரேக் வெறும் கம்பிகளால் இழுக்கும் வகை. ஹைட்ராலிக் பிரேக்கை ஹென்றி ஃபோர்டு 1939 மாடல் வரை ஏற்கவே இல்லை. புத்தியுள்ள பையன்கள் 1939க்குப் பிந்தைய கார்களின் பிரேக்கைத் தங்கள் பழைய ஆக்ஸிலில் பொருத்தினார்கள். புத்தியில்லாதவர்கள் பொருத்தவில்லை. அதன் விளைவைக் கீழே பார்ப்போம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பாகங்கள் எல்லாம் பெரும்பாலும் ஃபோர்டு குடும்பத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பொருந்தின. ஹென்றி ஃபோர்டு அடிப்படை வடிவமைப்பை மாற்றப் பிடிவாதமாக மறுத்தவர். குறுக்கு ஸ்பிரிங்கை வருடக்கணக்கில் அப்படியே வைத்திருந்தார். அந்தப் பிடிவாதம்தான் இந்தப் பையன்களுக்கு வரமாக அமைந்தது என்றால் மிகையாகாது!

ஏரியில் தூசி

ஆரம்பத்தில் வறண்ட ஏரியில் பல கார்கள் பக்கத்தில் பக்கமாக நின்று ஒரே சமயத்தில் பாயும். முன்னால் போகும் காருக்கு மட்டும்தான் வழி தெரியும். பின்னால் வருபவனுக்குத் தூசியைத் தவிர எதுவும் தெரியாது. மணிக்கு 90, 100 மைல் வேகத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போலத்தான். விபத்துகள் நடந்தன. ஃபில் வைண்ட் என்ற இளைஞர் 1930களில் மியூராக்கில் ஏற்பட்ட விபத்தில் கால்களை இழுத்து நடக்க முடியாதவராகி, சக்கர நாற்காலிக்குப் போனார். பிறகு அந்த நாற்காலியில் இருந்தே என்ஜின் பாகங்கள் செய்யும் தொழிலைக் கட்டி எழுப்பினார்.

இதை ஒழுங்குபடுத்த 1937 நவம்பரில் சில கிளப்புகள் சேர்ந்து தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. சுருக்கமாக எஸ்.சி.டி.ஏ. 1938 மே மாதம் மியூராக்கில் முதல் போட்டி. விதிமுறை, நேரக் கருவி, புள்ளிகள் எல்லாம் வந்தன. கூட்டமாக ஓடுவது போய், ஒவ்வொரு காராக ஓடி வேகத்தை அளக்கும் முறை வந்தது. எதிரி பக்கத்து கார் அல்ல, கடிகாரம்!

விக் எடல்புராக் என்ற மெக்கானிக் 1938ல் ஒரு 1932 ரோட்ஸ்டர் வாங்கினார். சந்தையில் கிடைத்த இன்டேக் மேனிஃபோல்டு பிடிக்காமல் தானே ஒன்று வடிவமைத்தார். 1941 நவம்பரில் ரோசமண்ட் ஏரியில் அந்த ரோட்ஸ்டர் மணிக்கு 121 மைல் ஓடியது. வார நாட்களில் அதே காரில்தான் ஊருக்குள் சுற்றிக் கொண்டிருந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் வேக சாமான்களில் உலகப் பெயர் பெற்றது.

போர்

அடுத்த மாதமே பேர்ல் ஹார்பர். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன். மியூராக் ஏரி ராணுவ விமானப் படைக்குப் போய்விட்டது. (1947ல் சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியது அந்த ஏரியின் மேலே இருந்த வானில்தான். இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்.) பையன்கள் போருக்குப் போனார்கள். கிளப்புகளில் இருந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர்கள் தங்கள் சொந்த நாட்டின் முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் அது.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். வேடா ஆர். கணவர் கார்ல் ஆரைப் போலவே ரோட்ஸ்டர் ஓட்டியவர், எஸ்.சி.டி.ஏ. போட்டியில் ஓட்ட அனுமதி பெற்ற முதல் பெண். போர்க் காலத்தில் அவர் ஒரு சிறிய செய்தி இதழ் தயாரித்து, உலகமெங்கும் களத்தில் இருந்த ஹாட் ராட் பையன்களுக்கு இலவசமாக அனுப்பி வந்தார். யார் எங்கே இருக்கிறான், யார் இறந்தான், யாருடைய கார் கொட்டகையில் காத்திருக்கிறது... சிதறிப் போன ஒரு கூட்டத்தை ஒரு காகிதம் கட்டி வைத்திருந்தது.

1945ல் திரும்பி வந்தவர்கள் போனவர்கள் அல்ல. ராணுவம் அவர்களுக்கு வெல்டிங், என்ஜின், விமானம் பழுது பார்த்தல் எல்லாம் கற்றுக் கொடுத்திருந்தது. கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. அலெக்ஸ் செடியாஸ் ராணுவத்திலிருந்து வந்த கையோடு 1946 மார்ச்சில் பர்பேங்க் நகரில் சோ-கால் ஸ்பீட் ஷாப் என்ற கடையைத் திறந்தார். பில் பர்க் என்பவர் போரில் பார்த்த போர் விமானங்களின் கூடுதல் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதற்குள் என்ஜினை வைத்து 1946ல் பந்தயக் கார் ஆக்கினார். காற்றைக் கிழிக்கவென்றே வடிவமைத்த உருவம், ராணுவ மிச்சத்தில் கொஞ்சக் காசுக்குக் கிடைத்தது. 1948ல் ஸ்டூ ஹில்போர்னின் கார், அவரே கண்டுபிடித்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுடன், ஏரியில் முதன்முறையாக 150 மைலைத் தாண்டியது. 1949 ஆகஸ்ட்டில் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்பு வெளியில் முதல் வேக வாரம். 1950ல் செடியாஸ் குழுவின் கார், அதே பழைய ஃபிளாட்ஹெட் வகை என்ஜினால், அங்கே 200 மைலைத் தாண்டியது!

தெருவில் ரத்தம்

கதையின் இருண்ட பக்கத்துக்கு வருவோம். எல்லோரும் ஏரிக்குப் போகவில்லை. ஏரி தூரம், போட்டி மாதத்துக்கு ஒன்று. இரவில் லாஸ் ஏஞ்சலிஸின் நீண்ட நேர்ச் சாலைகளிலேயே பந்தயம் நடந்தது. அரைகுறை வெல்டிங், கம்பி பிரேக், கூரையில்லாத கார். பையன்கள் செத்தார்கள். சம்பந்தமே இல்லாமல் சாலையில் போனவர்களும் செத்தார்கள். 'ஹாட் ராட்' என்ற சொல் 1940களின் நடுவில்தான் பரவலானது. அதற்கு முன் 'கவ் ஜாப்', 'ஹாப் அப்' என்றுதான் பேச்சு. பத்திரிகைகள் அந்தப் புதிய சொல்லைக் கெட்ட வார்த்தையாகவே பயன்படுத்தின. ரவுடி, கொலைகாரன், ஹாட் ராடர் எல்லாம் ஒன்று என்கிற மாதிரி. சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்று குரல் எழுந்தது.

அந்தக் குரலில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவிடம் போய் என்ஜின் பெருமை பேச முடியுமா?

இதற்கு ஹாட் ராட்காரர்கள் தந்த பதில்தான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது. 'எங்களைத் தடுக்காதே' என்று மறியல் செய்யவில்லை. 'எங்களை நாங்களே சோதித்துக் கொள்கிறோம்' என்றார்கள். 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் எஸ்.சி.டி.ஏ. ஆதரவோடு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. கார்களைப் பொதுமக்கள் கிட்டே போய்ப் பார்த்து, இவை குப்பை அல்ல, கவனமாகச் செய்த பொறிகள் என்று உணர வேண்டும் என்பது நோக்கம். ராபர்ட் பீட்டர்சன் என்ற இளைஞர் தன் கூட்டாளியோடு சேர்ந்து 'ஹாட் ராட்' பத்திரிகையின் முதல் இதழை அங்கேதான் 25 சென்ட்டுக்கு விற்றார். அதன் ஆசிரியர் ஆனவர் வாலி பார்க்ஸ். அவரே 1951ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

தெருப் பந்தயத்தை மூடப்பட்ட ஓடுதளத்துக்கு மாற்றுவதுதான் அவர் திட்டம். போருக்குப் பின் சும்மா கிடந்த விமான ஓடுபாதைகள் எத்தனையோ! 1950லேயே சாண்டா ஆனா விமான நிலையத்தில் கால் மைல் பந்தயம் தொடங்கியிருந்தது. 1954லிருந்து பார்க்ஸின் ஆட்கள் சிலர் ஒரு கார், ஒரு டிரெய்லரோடு நாடு முழுக்கச் சுற்றி, ஊர் ஊராகப் பாதுகாப்பாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று காட்டினார்கள். பந்தயத்துக்கு முன் காரைச் சோதிப்பது கட்டாயம். ஸ்டீரியங் ஆடுகிறதா? பிரேக் பிடிக்கிறதா? வெல்டிங் சரியா? இல்லை என்றால் ஓட விடமாட்டார்கள். நாம் இன்று டிராக் ரேஸ் என்று சொல்லும் விளையாட்டு இப்படி வளர்ந்ததுதான். தெருப் பந்தயம் முழுதாக ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் போக ஓர் இடம் கிடைத்தது. வெல்டிங் சரியில்லை என்று ஒரு போலீஸ்காரர் சொன்னால் கோபம் வரும்; தன்னைப் போலவே கார் செய்தவன் சொன்னால் காது கேட்கும்.

ஒரு முடிவும் ஒரு மறுபிறப்பும்

1955ல் செவர்லே தன் புதிய சின்ன வி-8 என்ஜினைக் கொண்டு வந்தது. 265 கன அங்குலம், சாதாரண நிலையிலேயே 162 குதிரைத்திறன். கொட்டகையில் மாதக்கணக்கில் உழைத்து ஃபிளாட்ஹெட்டிலிருந்து எடுத்த சக்தியை இது பெட்டியைத் திறந்ததும் கொடுத்தது. ஃபிளாட்ஹெட்டின் காலம் முடிந்தது. 1960களில் கம்பெனிகளே வேகமான கார்களை விற்கத் தொடங்கின. வீட்டில் செய்ய வேண்டிய தேவை குறைந்தது.

அப்படியானால் இன்றும் ஏன் செய்கிறார்கள்? 1990களிலிருந்து 'பாரம்பரிய ஹாட் ராட்' என்ற ஒரு பெரிய அலை எழுந்தது. அதன் விதி எளிது. ஒரு வருடத்தைத் தேர்ந்தெடு, உதாரணத்துக்கு 1948. அந்த வருடத்தில் ஒரு பையனுக்குக் கிடைத்திருக்கக் கூடிய பாகங்களால் மட்டும் காரைச் செய். டிஸ்க் பிரேக் கூடாது, ஏசி கூடாது, கம்ப்யூட்டர் கூடவே கூடாது. ஃபிளாட்ஹெட், ஸ்ட்ரோம்பெர்க், காய்ச்சி வளைத்த ஆக்ஸில். விரிசல் விடாத பழைய பிளாக் கிடைத்தால் அதிர்ஷ்டம். காந்தப் பொடி தூவி விரிசல் பார்ப்பதுதான் முதல் வேலை.

இதில் ஒரு வேடிக்கை. ஃபோர்டு ரோட்ஸ்டர் 1937 மாடலோடு நின்றுவிட்டது. பழையவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. யாரும் சீந்தாத மலிவு வண்டி இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போடும் பொருள். 1932 ரோட்ஸ்டரின் 75ஆம் ஆண்டு 2007ல் விழாவாகவே கொண்டாடப்பட்டது. அசல் உடல் கிடைக்காதவர்களுக்காக ஒஹையோவில் ஒரு நிறுவனம் அதே வடிவத்தில் இரும்புத் தகட்டில் புதிதாகவே செய்து விற்கிறது. காசில்லாதவன் கண்டுபிடித்த கார், காசுள்ளவன் கைக்குப் போய்விட்டது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் முழுக்கப் போய்விடவில்லை. மாடல் ஏ பாகங்கள் 48 லட்சம் கார்களின் மிச்சம் என்பதால் இன்னும் கிடைக்கின்றன. வீட்டு கராஜில் ஒரு வெல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் செய்பவர்கள் இருக்கிறார்கள். சட்டமும் வழி விட்டிருக்கிறது. புகை விதிகளில் மிகக் கறாரான கலிஃபோர்னியாவிலேயே, வீட்டில் கட்டிய கார்களை வருடத்துக்கு 500 என்ற கணக்கில், அவை ஒத்திருக்கும் பழைய மாடலின் விதிப்படி பதிவு செய்ய 2000களின் தொடக்கத்தில் ஏற்பாடு வந்தது. எல் மிராஜ் ஏரியில் எஸ்.சி.டி.ஏ. இன்றும் கடிகாரத்தோடு காத்திருக்கிறது.

இதில் நமக்கு என்ன?

நாங்கள் வகுப்பில் கம்ப்ரஷன் ரேஷியோ என்று சூத்திரம் எழுதுகிறோம். அந்தப் பையன்கள் ஹெட்டை ஒரு மில்லிமீட்டர் சீவி, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய் எத்தனை மைல் கூடியது என்று அளந்தார்கள். இரண்டும் ஒரே பாடம்தான். ஆனால் அவர்களுக்கு விடைத்தாளைத் திருத்தியது பாலைவனம். தப்பான வெல்டிங்குக்கு மார்க் குறையாது, உயிர் போகும்.

அவர்களைச் சும்மா துணிச்சல்காரர்கள் என்று மட்டும் கொண்டாடினால் பாதிக் கதையைத்தான் சொன்னவர்கள் ஆவோம். துணிச்சல் எல்லாத் தெருவிலும் கிடைக்கும். பிரேக் சரியில்லாத நண்பனின் காரைப் பார்த்து 'இன்றைக்கு நீ ஓடக் கூடாது' என்று சொல்லும் ஒழுங்கையும் அவர்கள் தாங்களாகவே கட்டினார்கள். கொட்டகையில் செய்த பொருட்களில் மிகக் கடினமானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ஜினைக் காயலான் கடையில் வாங்கிவிடலாம், அதை வாங்க முடியாது.